ஏழு லட்சம் தடவை குதித்த தவளை

'எத்தனை தடவை' என்று ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெருவுக்கு ஒருவராவது உண்டு. கொஞ்சம் நீளமான தெருவாக இருந்தால் இரண்டு பேர் இருப்பார்கள், எதிரெதிர் வீட்டில், ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாமல்.

இவர் கையில் ஒரு கிண்ணம் பாயசத்தைக் கொடுத்துப் பாருங்கள். இனிப்பு போதுமா என்று தன் நாக்கைக் கேட்க மாட்டார், "எத்தனை தடவை கிளறினீங்க?" என்று உங்களைத்தான் கேட்பார். நீங்கள் கூச்சத்தோடு, "குக்கர்லதாங்க வச்சேன்" என்றீர்களோ, கிண்ணம் கீழே இறங்கிவிடும். மகளுக்கு வரன் அமைந்துவிட்டது என்று சந்தோஷமாகப் போய்ச் சொன்னால், பையன் என்ன குணம், என்ன வேலை என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம், "எத்தனை ஜாதகம் பாத்தீங்க?" முதலில் வந்ததே பொருந்திவிட்டது என்று சொல்லிவிட்டால், அந்தத் தம்பதியைப் பற்றி அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்து கிடக்கிற வயலின் வரப்பில் நிறுத்தினாலும், விளைச்சலைப் பார்க்காமல், "எத்தனை சால் உழவு?" என்பார். பெரிய கோவிலுக்குப் போய்விட்டு வருகிறவரிடம் தரிசனம் ஆயிற்றா என்று கேட்கிற வழக்கம் இவருக்குக் கிடையாது. எத்தனை சுற்று என்றுதான் கேட்பார்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வகையின் கலப்படமில்லாத மாதிரி ஒன்று எங்கள் தஞ்சாவூரில் இருக்கிறது. பெயர் ரகுராமன். வங்கி அதிகாரி. பூர்வீகம் திருக்காட்டுப்பள்ளி, தாத்தா காலத்தில் நிலம், அப்பா காலத்தில் வாத்தியார் உத்தியோகம், இவர் காலத்தில் மருத்துவக் கல்லூரிப் பக்கம் மாடி வீடு. அந்த மாடியில்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் டாஸ் வட்டம் கூடுகிறது. அவர் தலைவர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. புரொஜெக்டர் அவருடையது.

டாஸ் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், நீங்கள் நினைக்கிற கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சின்ன வயதில் டிவியில் சொருகி விளையாடிய கேசட் விளையாட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? அவற்றைக் கணினியில் ஏற்றி, காலத்தை நிறுத்தி நிறுத்தி, ஒரு வினாடியை அறுபது துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று யோசித்துப் பதிவு செய்வதுதான் டாஸ். தப்பாகிவிட்டால் பாதகமில்லை. முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி. அப்படித் திரும்பிப் போவதற்கு ரீட்ரை என்று பெயர். கடைசியில் தப்பெல்லாம் உதிர்ந்து, விளையாட்டை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிக்கிற ஒரு ஓட்டம் மட்டும் மிஞ்சும். மனிதக் கையால் ஆகாத ஓட்டம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கருவியின் துணையோடு செய்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் செய்கிறோம். வளர்ந்த மனிதர்கள் செய்கிற காரியமா இது என்று கேட்காதீர்கள். எங்கள் வீடுகளில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

இதுவரை சரி. ஆனால் அந்த மென்பொருளை எழுதிய புண்ணியவான் சும்மா இருக்காமல் ஒரு வேலை செய்துவைத்தான். ஒவ்வொரு ரீட்ரைக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போய், மொத்த எண்ணைப் பதிவின் தலையிலேயே பொறித்துவிட்டான். எதற்காக வைத்தானோ, அவனுக்கே தெரியுமோ தெரியாதோ. எத்தனை தடவை ஆசாமியின் கையில் கொண்டுபோய் ஒரு எண்ணைக் கொடுக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை சடங்கைக் கேளுங்கள். யாராவது புதுப் பதிவு கொண்டுவந்தால், ரகுராமன் அதைத் திறந்ததும் ஓடவிட மாட்டார். முதலில் எண்ணைப் படிப்பார். ஒரு முறை தனக்கு, ஒரு முறை சபைக்கு. லட்சத்துக்கு மேல் என்றால் நாற்காலியின் நுனிக்கு வந்து, கைகட்டி, முகத்தில் ஒரு பக்தியோடு பார்ப்பார். லட்சத்துக்குக் கீழே என்றால் சாய்ந்துகொள்வார். பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மனைவி ரோஹிணியைக் கூப்பிட்டு மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்றா என்று விசாரிப்பார். ஓடுகிற ஓட்டம் எப்படி, அதில் அழகு உண்டா, ஆச்சரியம் உண்டா, பார்க்கிறவன் சிரித்தானா என்பது எதுவும் அவர் காதில் விழாது.

ரோஹிணி அம்மாளுக்கு இந்த மனிதரோடு இருபது வருஷப் பழக்கம். காபி கொண்டுவருகிற அவரிடமும் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"டிகாஷன் எத்தனை தடவை எறக்கின?"

"பசங்களுக்கு மொதல் டிகாஷன். எத்தனை தடவைன்னு கேக்குறவங்களுக்கு மூணாவது எறக்கினது" என்று சொல்லி, வெளுத்துப்போன ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார். மூன்று என்ற எண் காதில் விழுந்த திருப்தியில் மனிதர் அதைச் சப்புக்கொட்டிக் குடித்தார்.

இந்தச் சபைக்குத்தான் அஃப்ரீன் வந்து சேர்ந்தாள்.

பட்டுக்கோட்டைப் பெண். தஞ்சாவூரில் கணினி படித்து முடித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. புதிதாக வருகிற விளையாட்டுகளை வெளியிடுவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை. அவள் பிறந்ததே அதற்காகத்தான் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அவளுடைய உம்மாவுக்குத் தெரிய வேண்டுமே. உம்மா ரசியா பேகம் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்து நடத்துகிறவர். வாப்பா ஷார்ஜாவில் இருந்துகொண்டு, "உம்மா சரின்னா சரி" என்று போனில் சொல்லிவிட்டார். உம்மா சொன்னது வேறு.

"வெளையாடுறதுக்கு எவன் புள்ள சம்பளம் குடுப்பான்? என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

கண்ணால் காட்டுவதற்கு அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவில் எங்கள் வட்டத்துக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு பதிவுதான் திரையிடலாம். எந்தப் பதிவு என்று தலைவர்தான் முடிவு செய்வார். அந்த மேடை கிடைக்காவிட்டால் உம்மா பார்ப்பதற்கு எதுவும் இல்லை, உம்மா பார்க்காவிட்டால் சென்னை இல்லை.

போட்டிக்கு வந்தவை இரண்டு பதிவுகள். இரண்டும் ஒரே விளையாட்டு: ஒரு குண்டுத் தவளை ஐந்து குளங்களைத் தாண்டி அரண்மனைக்குள் போக வேண்டும். ஒன்று அஃப்ரீனுடையது. இன்னொன்று அன்பரசனுடையது. அன்பரசன் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். தங்கமான பையன், ஆனால் யோசிப்பதென்றால் உடம்பு வலிக்கும். தனக்குப் பதிலாகப் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்க ஒரு சின்ன நிரலை எழுதி ஓடவிட்டுவிட்டு, அவன் பாபநாசத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து மூன்றாவது முறை ரசம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கடையில் அந்தத் தவளை தனியாகச் சுவரில் முட்டி முட்டி எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் நான்கு லட்சம் சொச்சம். ரகுராமன் அதைச் சபைக்குப் படித்தபோது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

பிறகு அஃப்ரீனின் பதிவைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆயிரத்து எண்ணூறா? சைபர் ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்ல சார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அன்பரசன் அண்ணன் பதிவைவிட பதினோரு செகண்ட் முன்னாடியே முடியுது சார்."

"முடியட்டும்மா. நான் இல்லைங்கல. ஆனா நீ இன்னும் ரெண்டு லட்சம் தடவை பண்ணிருந்தா இன்னும் எவ்வளவு கொறஞ்சிருக்கும்? நீ தேடவே இல்லியே. தேடாதவங்களுக்கு எப்படிக் கெடைக்கும்?"

கவனியுங்கள், கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த வகையின் ஆபத்தே அதுதான். நாலே தடவை பார்த்துவிட்டு எழுந்து போகிறவனும் உலகத்தில் இருக்கிறானே, அவன் பதிவில் இன்னும் கறக்க ஏதாவது இருக்கத்தானே செய்யும் என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. அஃப்ரீனுக்குத் தோன்றவில்லை.

"நான் குதிக்க வச்சு குதிக்க வச்சுத் தேடல சார். அது எதனால தூரமா குதிக்குதுன்னு பாத்தேன். உள்ள ஒரு நம்பர் ஓடிக்கிட்டே இருக்கு, அது ரெட்டைப்படையா இருக்குறப்ப அழுத்தினா தூரம் ஜாஸ்தி. அது தெரிஞ்சதுக்கப்புறம் எதுக்கு சார் முட்டிக்கிட்டே இருக்கணும்? அதில்லாம, நான் சோதனை பண்ணினதெல்லாம் வேற ஃபைல்ல. அந்தக் கணக்கு இதுல ஏறாது."

"ஏறாதது எப்படிம்மா கணக்காகும்?"

"சரி சார், கணக்கை விடுங்க. தவளையைப் பாருங்க."

"பாக்கலாம், பாக்கலாம். முதல்ல ஒரு லட்சமாவது ஆக்கிட்டு வா. இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்ல. உழைப்பு தெரியணும்மா, உழைப்பு" என்று சொல்லி, பதிவை ஓடவிட்டுவிட்டு ரகுராமன் ரோஹிணியைக் கூப்பிட்டார். மின்சாரக் கட்டணம் கட்டியாகிவிட்டதாம்.

மாடிப்படியில் அஃப்ரீன் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது. எனக்கும் ஆத்திரம்தான். ஐந்து மாதமாக அந்தத் தவளையோடு அவள் மல்லுக்கட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், கடைசிப் படியில் நின்றவள் திரும்பி, "அண்ணே, லட்சம் போதுமா, இல்ல கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

அவள் செய்தது இதுதான். பதிவின் கடைசி இடத்தில், விளையாட்டு முடிந்து தவளை அரண்மனைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு இடத்தைச் சேமித்து வைத்தாள். அந்த இடத்துக்கே திரும்பி வா, மறுபடி திரும்பி வா, வந்துகொண்டே இரு என்று மூன்றே வரியில் ஒரு நிரல் எழுதினாள். செவ்வாய்க்கிழமை அதை ஓடவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். உம்மா கையால் மீன் குழம்பு சாப்பிட்டாள். மண்டியில் உட்கார்ந்து காய் எண்ணினாள். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து பார்த்தபோது ரீட்ரை ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதிவில் ஒரு பொத்தான் மாறவில்லை. ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்கு மாறவில்லை. அதே தவளை, அதே குளம், அதே குதி.

அடுத்த ஞாயிறு. ரகுராமன் பதிவைத் திறந்தார். எண்ணைத் தனக்குப் படித்தார். சபைக்குப் படிக்க வந்தவர், உட்கார்ந்தபடி படிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்று படித்தார்.

"ஏழு லட்சத்து முப்பத்தோராயிரம்."

அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டான். போன வாரம் வரை பெரிய மனிதனாக உலாவிய அவனுடைய நான்கு லட்சம், ஒரே நிமிஷத்தில் பிழைக்கத் தெரியாத பிள்ளையாகிவிட்டது.

பதிவு ஓட ஆரம்பித்தது. நான் தவளையைப் பார்க்கவில்லை. ரகுராமன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வருஷப்பிறப்பும் தீபாவளியும் சேர்ந்து வந்திருந்தன.

"இங்க பாருங்க, இந்தத் திருப்பம். போன தடவை இது இல்ல."

"இருந்துச்சு சார்" என்றேன்.

"இருந்தது வேற. இது பழுத்திருக்கு."

மூன்றாவது குளத்தில் தவளை முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே குதித்துப் போகும். பின்பக்கம் குதித்தால் வேகம் குறையாது என்பது அஃப்ரீன் கண்டுபிடித்த ஓட்டை. அதைப் பார்த்ததும் ரகுராமன் தொடையில் தட்டினார். "யோசிச்சா வருமா இதெல்லாம்? லட்சக்கணக்கில பண்ணிப் பாத்தாத்தான் வரும்." நான்காவது குளத்தில், தவளையின் பச்சைகூட முன்பைவிட எடுப்பாக இருக்கிறது என்றார். ஐந்தாவது குளம் முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "பதினோரு செகண்ட் முன்னாடி முடியுது, கவனிச்சீங்களா? பதினோரு செகண்ட் சாதாரணமா?" என்று எங்களைக் கேட்டார். போன வாரம் அந்தப் பதினோரு வினாடி எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அஃப்ரீன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தாள். சத்தியமாக எழுந்தாள். அதற்குள் தலைவர் கல்லூரிக்குப் போன் போட்டு எண்ணை ஒப்பித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

விழா நாள் வந்தது. அரங்கம் நிறையப் பிள்ளைகள். ரசியா பேகத்தைக் காணோம். ஒரத்தநாட்டுக்கு இப்பால் ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போட்டிருக்கிறார்கள், பஸ் ஊர்ந்துதான் வருகிறது என்று போனில் சொன்னாராம். அஃப்ரீன் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

ரகுராமன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். கிடைத்த இருபது நிமிஷத்தில் எட்டு நிமிஷத்தை அவரே எடுத்துக்கொண்டார். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "இந்தப் பதிவுக்கு ரீட்ரை எவ்வளவு தெரியுமா?" என்று கேட்டு, நிறுத்தி, தண்ணீர் குடித்து, எண்ணைச் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. விசில். மேஜைத் தட்டல். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து ஆடினார்கள். தவளை இன்னும் முதல் குளத்தில்கூடக் கால் வைக்கவில்லை, அதற்குள் கைதட்டல் மொத்தமும் தீர்ந்துவிட்டது. பிறகு விளக்கை அணைத்துப் பதிவை ஓடவிட்டதும் பிள்ளைகள் நிம்மதியாகத் தங்கள் செல்போனுக்குத் திரும்பினார்கள்.

அந்த இருட்டில்தான் ரசியா பேகம் தடவித் தடவி வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பை நிறையத் தேங்காய்.

"ஆரம்பிச்சுட்டாங்களா தம்பி?"

"இப்பத்தாம்மா. பாருங்க."

பார்த்தார். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இமை கொட்டாமல் பார்த்தார். மூன்றாவது குளத்தில் தவளை முதுகைத் திருப்பியபோது, "இது ஏன் இப்படிப் போவுது?" என்று தனக்குள் முணுமுணுத்தார். ஐந்தாவது குளத்துக்கு அப்பால் அரண்மனைக் கதவு திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எந்தக் கருவியாலும் அதைச் சீக்கிரப்படுத்த முடியாது. அந்த நேரத்தில் அஃப்ரீனின் தவளை சும்மா நிற்காமல் விளையாட்டின் இசைக்கு இடுப்பை வெட்டி வெட்டி ஆடும். ரசியா பேகம் சிரித்துவிட்டார். புர்கா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. மடியில் தேங்காய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்த அரங்கத்தில் எண் காதில் விழாதவர் அவர் ஒருவர், தவளையைப் பார்த்தவரும் அவர் ஒருவர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவர்மேல் பெரிய அன்பு வந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் டீ கொடுத்தார்கள். அஃப்ரீன் உம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா இருந்துச்சு புள்ள. கதவு தொறக்குற வரைக்கும் ஆடுச்சே, அது வெளையாட்டுலயே உள்ளதா, நீ பண்ணினதா?"

"நான் பண்ணினது உம்மா. எப்படியும் நிக்கணும். சும்மா ஏன் நிக்கணும்னு..."

"நெனச்சேன். சின்னதுல நீ பஸ்ஸுக்கு நிக்கிறப்ப அப்படித்தான் ஆடுவ."

அஃப்ரீன் சிரித்தாள். சென்னை பஸ்ஸில் ஒரு கால் வைத்தாயிற்று என்று நான் முடிவு கட்டினேன். அந்த நேரம் பார்த்து ரகுராமன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"நீங்கதான் அம்மாவா? பாக்கியசாலிங்க நீங்க. உங்க பொண்ணு ஏழு லட்சம் தடவை பண்ணிருக்கா."

"எதை?"

"ரீட்ரைம்மா. தப்பாப் போச்சுன்னா திரும்பிப் போய் மறுபடி பண்றது. ஏழு லட்சத்து முப்பத்தோராயிரம் தடவை."

டீ டம்ளர் ரசியா பேகத்தின் உதட்டுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"ஏழு லட்சம் தடவை தப்புப் பண்ணினாளா?"

"அப்படி இல்லம்மா, அதாவது..."

"நீங்கதானே சொன்னீங்க." மகளிடம் திரும்பினார். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. "மண்டியில ஒருத்தன் ரெண்டு தடவை காயை மாத்தி எண்ணினா மூணாந் தடவை நான் நிறுத்திப்புடுவேன். ஏழு லட்சம் தப்புப் பண்ற புள்ளய அந்தக் கம்பெனிக்காரன் எத்தனை நாளைக்கு வச்சிருப்பான்? பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி அழுதுகிட்டுத் திரும்பி வரவா?"

எந்த எண் அவளுக்கு மேடையை வாங்கிக் கொடுத்ததோ, அதே எண் இப்போது வேலையைத் தின்றுகொண்டிருந்தது.

அஃப்ரீன் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆயிரத்து எண்ணூறுதான் உண்மை, மற்றதெல்லாம் பூட்டிய அறையில் கணினி தனியாக எண்ணியது, ஒரு பொத்தான்கூட மாறவில்லை, தான் பட்டுக்கோட்டையில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏறியது, சார் மன்னிச்சுக்கணும்.

ரகுராமன் சாய்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். உங்களுக்கு இந்த வகையைத் தெரியாது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஒரு புதுக் களை.

"ஏழு லட்சம் தடவை திரும்பிப் போயும் ஒண்ணுமே மாறலை. அப்படித்தானே? அப்ப அதுக்கு மேல மாத்தவே முடியாதுன்னு ருசுவாயிடுச்சு. அதாம்மா பூரணம்."

நானும் அஃப்ரீனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரசியா பேகம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அதில் கேலி இல்லை. படித்தவர், பெரிய மனிதர், இவரிடம் கேட்டால் ஏதாவது விளங்கும் என்கிற பார்வை.

"நீங்க என்ன வேலைங்க பாக்குறீங்க?"

"பேங்க்ல. சீனியர் மேனேஜர்."

"பரீட்சை எழுதித்தானே எடுப்பாங்க? எத்தனை தடவை எழுதினீங்க?"

ரகுராமனின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"ஒரே தடவைம்மா. முதல் தடவையிலேயே பாஸ். எங்க செட்ல நான் ஒருத்தன்தான்."

"அப்ப நல்லாப் படிச்சிருக்கீங்க" என்றார் ரசியா பேகம், உண்மையான மரியாதையோடு.

ரகுராமன் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. உள்ளே எதுவோ திரும்பிப் போய் மறுபடி ஓடியிருக்க வேண்டும். டீ ஆறிக்கொண்டிருக்கிறது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

ரசியா பேகம் அதற்குள் மகளிடம் போய்விட்டார்.

"ஏழு லட்சமும் மெஷின் எண்ணினதுதானே, விடு. மெட்ராஸ்ல எங்க தங்குவ? ஹாஸ்டலா? சாப்பாடு ஹலாலான்னு கேட்டியா?"

"கேட்டுட்டேன் உம்மா."

"எப்ப கேட்ட?"

"வேலை கெடைச்ச அன்னிக்கே."

"நான் சரிம்பேன்னு அவ்வளவு நெனப்பா?" என்று சொல்லி, பையில் இருந்து இரண்டு தேங்காயை எடுத்து என் கையில் ஒன்றும் ரகுராமன் கையில் ஒன்றும் வைத்தார். அஃப்ரீன் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் கொஞ்சம் அழுதேன், வெளியே தெரியாமல்.

ரகுராமன் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்று மாலையே வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் அறிவிப்பு வந்தது. இனிமேல் ரீட்ரை குறைவாக உள்ள பதிவுக்கே முதலிடம். அதிகம் முயன்றவர் சரியாக யோசிக்கவில்லை என்று பொருள். அடுத்த ஞாயிறு ஒருவர் கொண்டுவந்த பதிவில் ரீட்ரை பன்னிரண்டே பன்னிரண்டு. ரகுராமன் எழுந்து நின்று படித்தார். தவளை இரண்டாவது குளத்திலேயே மூழ்கிவிட்டது. "ஆனா என்ன ஒரு சிக்கனம்" என்றார் ரகுராமன். அன்பரசன் இப்போது எண்ணைச் சுழியமாக்குகிற வழி தேடிக்கொண்டிருக்கிறான். இன்னும் கைகூடவில்லை, நிறைய தடவை முயன்றுவிட்டானாம்.

சரி, இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நாம் அப்படிப்பட்ட ஆள் இல்லை, நமக்குத் தவளைதான் முக்கியம் என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. இப்போது நீங்கள் படித்து முடித்த இதையே எடுத்துக்கொள்வோம். இதை ஒரே மூச்சில் எழுதினேனா, நாற்பது தடவை கிழித்துப் போட்டுக் கிழித்துப் போட்டு எழுதினேனா? சொல்லப் போவதில்லை. சொன்னால் நன்றாக இருந்தது மோசமாகிவிடுமா, மோசமாக இருந்தது நன்றாகிவிடுமா? ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்தும், "சும்மா சொல்லுங்களேன், எத்தனை தடவை?" என்று உங்களுக்குள் ஒரு குரல் இப்போது கேட்கிறதல்லவா?

வாருங்கள். அஃப்ரீன் சென்னைக்குப் போனதிலிருந்து ரகுராமன் மாடியில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.